சாடியில் ஒரு தோட்டம்: வீட்டினுள் இலையழகுச் செடிகள்



நம் பள்ளித் தாழ்வாரத்தில் பன்னிரண்டு பூச்சாடிகள் வரிசையாக இருந்ததை நீங்கள் அறிவீர்கள். சென்ற நீண்ட விடுமுறை தொடங்குவதற்கு முதல் நாள், மாணவர்கள் சிலர் அச்செடிகளின்மீது இரக்கங்கொண்டு, "நாம் இல்லாத வேளையில் இவை தாகத்தால் வாடுமே!" என்று கவலையுற்றனர். ஒவ்வொரு சாடியையும் நீர் சொட்டச் சொட்ட நனைத்தனர். அடித்தட்டுகளிலும் விளிம்பு வரை நீரை நிரப்பினர். ஆசிரியர்களாகிய நாமும் அது நல்லதென்றே எண்ணி அதற்கு இசைந்தோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நாம் கண்ட காட்சி வேறு. சாரல் மழை தட்டுகளில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டது. ஏழு செடிகள் வேரழுகி மாண்டிருந்தன. எத்தனையோ நாள் நீரின்றி வாழவல்ல மரல் செடிகளே அவற்றுள் முதலில் அழுகியவை. அதைவிடக் கொடியது ஒன்றும் இருந்தது. பள்ளித் தோட்டக்காரர் ஒரு தட்டை மெல்லச் சாய்த்துக் காட்டினார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அன்பினால் செய்த செயல் ஏன் அழிவில் முடிந்தது? அன்பு இருந்தது, அறிவு இல்லை. செடியைப் பேணுவதற்கு இரண்டும் வேண்டும். அன்று நாம் கற்ற பாடத்தையும், அதன்பின் தேடி அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலையழகுச் செடிகள் யாவை?

மலருக்காக வளர்க்கப்படும் செடிகள் பல. ரோஜா, செம்பருத்தி, மல்லிகை ஆகியவை அத்தகையன. அவற்றிற்கு நாள்தோறும் பல மணி நேர வெயில் வேண்டும். ஆகவே அவை வீட்டினுள் செழிப்பதில்லை. இலையின் நிறத்திற்காகவும் வடிவத்திற்காகவும் வளர்க்கப்படுபவை இலையழகுச் செடிகள் எனப்படும். மலர் சில நாளில் உதிரும். இலையழகோ ஆண்டு முழுதும் நிலைக்கும்.

இவற்றுட் பல, அடர்ந்த மழைக்காட்டின் தரையில் பிறந்தவை. வானுயர்ந்த மரங்கள் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிட, எஞ்சிக் கசியும் சிறிதளவு ஒளியிலேயே வாழப் பழகியவை. நம் வீட்டுக் கூடமும் ஒருவகையில் காட்டின் தரையைப் போன்றதே. நிழலும் வெதுவெதுப்பும் காற்றில் ஈரமும் அங்கு உண்டு. குளிர்நாடுகளில் இச்செடிகளைக் காக்கக் கண்ணாடி வீடு கட்டி வெப்பம் ஊட்ட வேண்டியுள்ளது. நமக்கோ அச்செலவு இல்லை.

ஒளியே உணவு

செடிக்கு நாம் இடுவது உரம். அதன் உணவை அதுவே சமைத்துக்கொள்கிறது. இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பயன்படுத்தி, நீரையும் கரிவளியையும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஒளியில்லையேல் உணவில்லை.

நம் கண் மங்கிய ஒளிக்கும் எளிதில் பழகிக்கொள்வதால், அறையின் மூலையும் நமக்கு வெளிச்சமாகவே தோன்றும். உண்மையில் சன்னலிலிருந்து சில அடி தள்ளிச் சென்றதுமே ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே கண்ணை நம்பாமல் சோதனை செய்து பார்க்க வேண்டும். நண்பகலில் செடி வைக்க விரும்பும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். அதற்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும்படி நிழல் தெளிவாக விழுந்தால் நல்ல ஒளி. நிழல் மங்கலாக விழுந்தால் நடுத்தர ஒளி. நிழலே விழாவிடில் அவ்விடம் செடிக்கு ஏற்றதன்று.

இலையில் வெண்மையும் மஞ்சளும் கலந்த செடிகளுக்குப் பச்சையம் குறைவு. அதனால் அவற்றிற்கு முழுப்பச்சைச் செடிகளைவிடச் சற்று மிகுதியான ஒளி தேவை. ஆயினும், பிற்பகலில் மேற்குச் சன்னல் வழியே பாயும் நேர்வெயில் இலையைச் சுட்டுப் பழுப்பாக்கிவிடும். கிழக்குச் சன்னலின் காலை ஒளி பெரும்பாலான செடிகளுக்கு இதமானது. செடி ஒளியை நோக்கி ஒருபுறமாகச் சாயுமாதலின், வாரம் ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள்.

சாடியும் மண்ணும்

விலையுயர்ந்த சாடி வேண்டியதில்லை. மைலோ டின்னும், பழைய வாளியும், உடைந்த குடமும் போதும். ஆனால் அடியில் துளை கட்டாயம் இருத்தல் வேண்டும். ஓர் ஆணியும் சுத்தியலும் கொண்டு ஐந்தாறு துளைகள் இடலாம். சிறுவர்கள் இதனைப் பெரியவர் துணையின்றிச் செய்யலாகாது. தகரத்தின் விளிம்பு கையை அறுத்துவிடும்.

சாடியின் அடியில் கல்லையும் ஓட்டுத் துண்டுகளையும் தடிமனாகப் பரப்பினால் நீர் நன்கு வடியும் எனப் பலரும் கூறுவர். நாமும் அவ்வாறே செய்துவந்தோம். அது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கற்களுக்கு நீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுதும் நனைந்த பின்னரே அது கற்களுக்குள் சொட்டும். எனவே கற்பரப்பு, ஈரம் தங்கும் பகுதியை வேருக்கு அருகே உயர்த்திவிடுகிறது. மண் வெளியேறாதிருக்கத் துளையின்மேல் ஓர் ஓட்டுத் துண்டோ சிறு வலைத்துணியோ வைத்தாலே போதும்.

மண் கலவைக்கு நம் நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு 3:2:1 என்பதாகும். தோட்ட மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. வீட்டினுள் வைக்கும் சாடிக்கு இதனினும் இலேசான கலவை நல்லது. மண்ணை இரண்டு பங்காகக் குறைத்து, அதற்கு ஈடாகத் தேங்காய் நார்த்தூளோ கருகிய உமியோ ஒரு பங்கு சேர்க்கலாம். கலவையைக் கைப்பிடியில் எடுத்து அழுத்திவிட்டு விரலால் தட்டுங்கள். உருண்டை உதிர்ந்தால் நல்ல கலவை. களிமண் போல் அப்படியே நின்றால் இன்னும் மணல் வேண்டும்.

நீர் என்னும் நண்பனும் பகைவனும்

வேர் நீரை மட்டும் நாடுவதில்லை, மூச்சும் விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றே அதற்கு மூச்சு. அவ்விடைவெளிகளை நீர் ஓயாது நிரப்பிக்கொண்டிருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். நம் தாழ்வாரத்துச் செடிகள் மாண்டது இதனாலேதான்.

ஆகவே "நாளைக்கு எத்தனை முறை நீர் ஊற்ற வேண்டும்?" என்று கேளாதீர்கள். மண்ணைக் கேளுங்கள். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணுள் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வெளியேறும் வரை நன்கு ஊற்றுங்கள். பின்னர்த் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, தேவையானபோது நிறைய ஊற்றுவதே சிறந்தது.

ஒன்றை நன்கு நினைவிற் கொள்க. நீரில்லாத செடியும் வாடும், நீர் மிகுந்த செடியும் வாடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாதன்றோ! வாடிய செடியைக் கண்டதும் நீர்ச்செம்பைத் தூக்குவது, நோயாளியைக் கண்டதும் காரணம் வினவாமல் மருந்து கொடுப்பது போன்றதாகும். மண் உலர்ந்து இலை சுருண்டிருந்தால் தாகம். மண் நனைந்து இலை மஞ்சளாகித் தண்டு குழைந்திருந்தால் வேரழுகல். முன்னதற்கு நீர் மருந்து, பின்னதற்கு நீரே நஞ்சு.

உரம்

செம்பனைக்கும் ரப்பருக்கும் உரமிட்டுப் பழகிய நம் பெற்றோர்க்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் அறிய வேண்டியது இது. உர மூட்டையின்மேல் 15:15:15 என்று அச்சிட்டிருந்தால் அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தழைச்சத்து, பதினைந்து பங்கு மணிச்சத்து, பதினைந்து பங்கு சாம்பற்சத்து உண்டு என்பது பொருள். இலை செழிக்கத் தழைச்சத்து வேண்டும். பூவிற்கும் காய்க்கும் விற்கப்படும் 12:12:17 உரத்தில் சாம்பற்சத்து மிகுதி. இலையழகுச் செடிகளுக்கு முன்னதே ஏற்றது.

ஒரு சாண் அகலமுள்ள சாடிக்கு அரைத் தேக்கரண்டி உரம் போதும். தண்டைத் தொடாமல் விளிம்பு ஓரமாகத் தூவி நீர் ஊற்றுங்கள். வெளிச்சத்தில் உள்ள செடிக்கு மாதம் ஒருமுறையும், நிழலில் மெதுவாக வளரும் செடிக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறையும் இடலாம். உரம் மிகுந்தால் இலைநுனி கருகும். நோயுற்ற செடிக்கும் புதிதாக நட்ட செடிக்கும் உரம் இடலாகாது.

எளிதில் வளரும் நான்கு செடிகள்

குரோட்டன்: தோட்டப்புற வீடுகளின் வாசலில் இதனைக் காணாதோர் இல்லை. மலாய் மொழியில் இதனைப் 'புடிங்' என்பர். மலேசியா, இந்தோனேசியா முதல் வட ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் வரை இதன் தாயகம் பரந்துள்ளது. ரப்பர், மரவள்ளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளையை ஒடித்தால் வடியும் சாறே அவ்வுறவிற்குச் சான்று. அச்சாறு தோலை அரிக்கக்கூடும், எனவே கையைக் கழுவ வேண்டும். இதன் செம்மையும் மஞ்சளும் ஒளியால் மிளிர்பவை. நிழலில் வைத்தால் புதிய இலைகள் பச்சையாகவே தோன்றும். வீட்டின் மிக வெளிச்சமான சன்னலோரமோ மாடிமுகப்போ இதற்குரிய இடம். இடம் மாற்றினால் இலைகளை உதிர்க்கும், அதற்காக அஞ்ச வேண்டா.

மணி பிளாண்ட்: பசிபிக் பெருங்கடலின் மூரியா என்னும் சிறு தீவிலிருந்து உலகெங்கும் பரவிய கொடி. ஒவ்வொரு கணுவிலும் வேர்முளை உண்டு. இரண்டு கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, கீழ்க்கணு புதையும்படி நட்டால் போதும். கணுவில்லாத வெறும் இலை ஒருபோதும் கொடியாகாது. இக்கொடியைத் தொங்கவிட்டால் இலை சிறுக்கும், கம்பத்தில் ஏற்றினால் இலை பெருக்கும். செல்வம் தரும் என்று சிலர் இதனைப் போற்றுவர். கைக்காசு செலவின்றிப் பெருகும் என்ற அளவில் அது உண்மையே.

மரல்: பாம்பின் தோல் போன்ற வரிகளுடன் வாள்போல் நிமிர்ந்து நிற்பது. நாம் வளர்ப்பது ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவாகிய மற்றொரு செடியைத் தமிழர் மரல் என்றும் மருள் என்றும் தொன்றுதொட்டு அழைத்தனர். அதன் நாரினால் முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தனர். தாவரவியலார் 2017ஆம் ஆண்டு முதல் இச்செடியை டிரசீனா இனத்தில் சேர்த்துள்ளனர். தன் இலையிலேயே நீரைச் சேமித்து வைப்பதால், மண் முற்றும் உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். மாணவர்களுக்கு ஒரு விந்தை: மஞ்சள் விளிம்புள்ள மரல் இலையைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும் குருத்தில் மஞ்சள் இராது, வெறும் பச்சையே இருக்கும். விளிம்போடு வேண்டுமெனில் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

அக்லோனீமா: நம் நாட்டுக் காடுகள் உட்படத் தென்கிழக்காசியக் காடுகளின் நிழலில் பிறந்த இனம். வெள்ளிநிறப் புள்ளிகள் கொண்ட வகைகள் மங்கிய ஒளியையும் பொறுத்துக்கொள்ளும். செந்நிற வகைகளுக்குச் சற்று மிகுந்த ஒளி தேவை. தண்டு நீண்டு அடி மொட்டையானால், தலைப்பகுதியை வெட்டி நட்டுவிடலாம். எஞ்சிய அடித்தண்டும் மீண்டும் துளிர்க்கும்.

பூச்சிகளை வெல்லும் வழி

இலைக்கணுவில் பஞ்சு ஒட்டியது போல் வெண்மையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. பழுப்பு நிறச் செதில்கள் தண்டில் ஒட்டியிருந்தால் செதிற்பூச்சி. இலையின் அடியில் மெல்லிய வலையும் மேலே மங்கிய புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். இம்மூன்றும் இலைச்சாற்றை உறிஞ்சி வாழ்பவை. சாடியில் எறும்பு ஊர்ந்தால் ஐயுறுங்கள். முதலிரு பூச்சிகளிடமிருந்தும் வடியும் இனிப்பை நாடியே எறும்பு வருகிறது.

இவற்றிற்குக் கொல்மருந்து வேண்டா. வீட்டினுள் அதனைத் தெளிப்பது தீங்கு. ஒரு குவளை நீரில் சில துளி பாத்திரச் சோப்பைக் கலந்து, பழந்துணியால் இலையின் இருபுறமும் துடையுங்கள். வாரத்திற்கு ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடர்ந்து செய்தால்தான், முட்டையிலிருந்து பின்னர் வெளிவருபவையும் ஒழியும். இலையில் படிந்த தூசியும் அகல்வதால் ஒளியும் நன்கு கிடைக்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, டிங்கிக் காய்ச்சல். இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே நாடும். பூச்சாடித் தட்டு அதற்கு ஏற்ற தொட்டில். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆதலால் தட்டு நீரை வாரம் தவறாமல் கொட்ட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும். உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். போத்தலில் வளரும் மணி பிளாண்டின் நீரையும் மாற்றி, வேரையும் போத்தலையும் அலசுங்கள். சாடியின் மேல்மண் இறுகி நீர் தேங்கினால் கிளறிவிடுங்கள். கொசு வளர இடங்கொடுப்போரைத் தண்டிக்க மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சி அன்று, நம் வீட்டுக் குழந்தைக்காக இதனைச் செய்வோம்.

இரண்டாவது, இலையின் நஞ்சு. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சரியாக வேகாவிடில் நாவையும் தொண்டையையும் அரிப்பதை அறிவோம். அவற்றிலுள்ள ஊசி போன்ற நுண்படிகங்களே காரணம். மணி பிளாண்ட், அக்லோனீமா, கெலாடி, டிஃபன்பேக்கியா ஆகியவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் அப்படிகங்கள் உண்டு. டிஃபன்பேக்கியாவின் தண்டைக் கடித்தால் நா வீங்கிப் பேச்சே தடைப்படக்கூடும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் இச்செடிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை கடித்துவிட்டால், வாயிலுள்ளதை எடுத்துவிட்டு நீரால் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வீக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். செடியின் ஓர் இலையையும் உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

மூன்றாவது, மருந்துக் கலன்கள். தோட்டப்புறங்களில் களைக்கொல்லி வந்த காலிக் கலன்களைக் கழுவிப் பூச்சாடியாகவும் நீர் வாளியாகவும் பயன்படுத்தும் வழக்கம் இருந்ததை மூத்தோர் அறிவர். இது பெருந்தவறு. எத்தனை முறை கழுவினும் நஞ்சு எஞ்சியிருக்கலாம். சில மிடறே உயிரைப் பறிக்கவல்ல பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டது. ஆயினும் பழைய கலன்கள் கொட்டகை மூலையில் கிடக்கக்கூடும். எந்த மருந்துக் கலனும் வீட்டினுள் வருதல் கூடாது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று எண்ணி உயிரைப் பணயம் வைக்கலாமா?

நம்பிக்கையும் உண்மையும்

இச்செடிகள் அறையின் காற்றைச் சுத்தமாக்கும் என்று கடைகளில் கூறுவர். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வகத்தார், மூடிய சிறு அறைக்குள் செடிகளை வைத்துச் சோதித்தபோது சில நச்சு வாயுக்கள் குறைந்தன. அதிலிருந்து பரவியதே இக்கருத்து. ஆனால் நம் வீடு மூடிய பெட்டியன்று. காற்று வந்துபோகும் வீட்டில் அத்தகைய பயன் கிடைக்க, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்துக்குக் குறையாமல், ஒருவேளை நூற்றுக்கணக்கிலும், செடிகள் வேண்டியிருக்கும் என 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. காற்று தூய்மையாக வேண்டுமெனில் சன்னலைத் திறப்பதே எளிய வழி.

இரவில் செடியருகே உறங்கினால் மூச்சு முட்டும் என்னும் அச்சமும் வீண். செடி இரவில் வெளிவிடும் கரிவளி மிகச் சிறிதளவே. அருகில் உறங்கும் தம்பி வெளிவிடுவது அதனினும் பன்மடங்கு. தம்பியுடன் உறங்க அஞ்சாத நாம் செடிக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

சாடியில் வந்த ரப்பர்

சாடிச் செடி வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு. 1829ஆம் ஆண்டில் இலண்டனில் வார்டு என்னும் மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஈரமண்ணில் ஒரு சிறு பெரணிச்செடி தானே முளைத்திருப்பதைக் கண்டார். உள்ளிருக்கும் ஈரமே ஆவியாகி, மீண்டும் துளியாகி மண்ணில் விழுவதால் செடி வாடுவதில்லை என்று அறிந்தார். அதிலிருந்து பிறந்ததே கண்ணாடிப் பெட்டியில் செடிகளைக் கப்பலேற்றும் முறை.

1876ஆம் ஆண்டில் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். மூவாயிரத்திற்கும் குறைவானவையே முளைத்தன. 1877ஆம் ஆண்டில் அவ்வழி வந்த 22 கன்றுகள் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பால் வெட்டும் முறையை வகுத்தார். பின்னர்க் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். கடல்கடந்து வந்த அந்தச் சிறு கன்றுகளை வழியில் எவரும் பேணாது விட்டிருந்தால், நம் குடும்பங்களின் கதையே வேறாகியிருக்கும்.

முடிவுரை

நம் பன்னிரண்டு சாடிகளின் கதைக்கு மீண்டும் வருவோம். அவற்றுள் ஒரு குரோட்டன், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கொண்டுவந்தது. அவளுடைய பாட்டி வாழ்ந்த தோட்டத்து வீட்டு வரிசை இடிக்கப்பட்டபோது, குடும்பம் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. வாசற்படியையும் வேப்பமரத்தையும் உடன் கொண்டுசெல்ல இயலவில்லை. பாட்டி ஒரு குரோட்டன் கிளையை மட்டும் ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்றார். அதன் கிளையே நம் பள்ளிக்கு வந்தது.

விடுமுறைக்குப் பின் அச்செடியில் ஓர் இலைகூட இல்லை. மாணவி விம்மினாள். நாமும் அதனைக் குப்பையில் சேர்க்க எண்ணினோம். அப்போது தோட்டக்காரர் நகத்தால் தண்டைச் சிறிது கீறினார். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. "உயிர் இருக்கிறது, ஐயா. அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்" என்றார். அழுகிய வேர்களை வெட்டினார். புதிய மண்ணில் நட்டார். நிழலில் வைத்து, மண் உலர்ந்தபோது மட்டும் நீர் விட்டார். மூன்று வாரம் கழித்து நுனியில் ஒரு சிவந்த மொக்கு அரும்பியது. அன்று அம்மாணவியே முதலில் அதைக் கண்டு ஓடிவந்து கூறினாள்.

இன்று அச்செடியிலிருந்து நான்கு கன்றுகள் உண்டாக்கியுள்ளோம். ஒன்று பாட்டியின் அடுக்குமாடி முகப்பிற்கே திரும்பிச் சென்றுவிட்டது. சொந்த நிலம் இல்லாதவர்க்கும் ஒரு சாடி மண் சொந்தமாகலாம். வீடு மாறினாலும் அது நம்முடன் வரும். ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாடியேனும் வைப்போம். மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றுவோம். தட்டைக் கவிழ்த்துக் கழுவுவோம். பொறுமையோடு காத்திருப்போம்.

செய்து பாருங்கள்

1. குரோட்டன் கிளையை அரைச்சாண் நீளம் வெட்டி, வடியும் சாற்றை நீரில் கழுவி, மணல் மிகுந்த மண்ணில் நடுக. மேலே தெளிவான நெகிழிப் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்க. எத்தனை வாரத்தில் வேர் பிடிக்கிறது என்று குறித்து வருக.

2. ஒரே அளவான இரு மணி பிளாண்ட் துண்டுகளுள் ஒன்றைக் கணுவோடும், மற்றொன்றைக் கணுவின்றியும் நீரில் இடுக. வாரம் இருமுறை நீரை மாற்றுக. என்ன காண்கிறீர்கள்? ஏன்?

3. உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பெற்றோருடன் சேர்ந்து எண்ணுக. அடுத்த வாரம் மீண்டும் எண்ணி, எத்தனை குறைந்தன என்று வகுப்பில் கூறுக.